பதினாறு பாகை வீடு

1

சிம்னி துடைக்கிறவரைக் கண்டால் நல்ல சகுனம் என்று இந்தச் சுவிஸ் நாட்டு ஆட்கள் நம்புகிறார்கள். தெருவில் கண்டால் கிட்டப் போய்த் தோளைத் தொட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அவர் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு. நான் தொடவில்லை. அவர் எனக்கு விட்டுப் போனது ஒரு பேப்பர்.

அங்கே ஊரில் இருக்கும் உங்களுக்கு அடுப்பென்றால் சோறு வேகிற அடுப்பு. நான் சொல்வது வீட்டைச் சூடாக்குகிற அடுப்பை. ஆராவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிற எங்கள் பழைய வீட்டின் ஹோலில், சின்ன அலுமாரி உயரத்துக்கு அது நிற்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த குறுணிகளை அதன் தலையில் கொட்டவேண்டும். பெலெட் என்பார்கள், பார்க்கக் கோழித்தீன் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு திருகுத்தண்டு சுற்றிச் சுற்றி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். மின்விசிறி ஒன்று காற்றை இழுக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நெருப்பு எரியும். கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி. வீடு வாங்கும்போதே வீட்டோடு வந்தது, பதினெட்டு வயது.

சிம்னிக்காரர் முழங்காலில் இருந்து கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் தார் தொட்டது போல வந்தது. கதவைத் திறந்து, கிண்ணத்தில் பாதி எரிந்தும் எரியாமலும் குவிந்து கிடந்த குறுணிகளைப் பார்த்தார்.

“இது எரியவில்லை, புகைகிறது,” என்றார் சுவிஸ் ஜெர்மனில். “வீட்டுக்குள் சூடு எத்தனை பாகை?”

“பதினாறு.”

“ஒரு நாளைக்கு ஒரு மூடை எரித்துமா பதினாறு?”

ஓம் என்று தலையாட்டினேன். ஐந்து கிழமைக்குள் குறைபாடு நீக்கப்படவேண்டும், இல்லையேல் அடுப்பைப் பாவிக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்து, ஒரு பிரதி கிராமசபைக்கும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது தன் சப்பாத்துத் தடத்தைத் தானே துடைத்தார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

2

மகளுக்கு ஃபோன் எடுத்தேன். மிதுனா இங்கேயே பிறந்தவள். அட்லிஸ்வில்லில் தனியாக இருக்கிறாள், காப்புறுதிக் கந்தோரில் வேலை. தமிழ் நன்றாகக் கதைப்பாள். கோபம் வந்தால் மட்டும் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள்.

“அம்மா, நான் எத்தனை தரம் சொல்லிப்போட்டன். வீட்டைக் குடுப்பம். எனக்குப் பக்கத்திலை ரெண்டு அறை வீடு ஒண்டு வெறுமையாகுது. லிஃப்ட் இருக்கு. நிலத்துக்குக் கீழாலை சூடு வரும். நீங்கள் ஒண்டும் கொட்டத் தேவையில்லை, அள்ளத் தேவையில்லை.”

“அஞ்சு கிழமை தந்திருக்கிறாங்கள்.”

“அஞ்சு கிழமையிலை என்ன செய்வீங்கள்?”

“திருத்துவன்.”

“திருத்தாட்டி?”

“திருத்தாட்டி உன்ரை மாக்லரைக் கூப்பிடு.” மாக்லர் என்றால் வீட்டுத் தரகர். வாய் தவறி வரவில்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

பிறகு, “அந்த வீட்டிலை உங்களுக்கு என்ன கிடக்கு, அம்மா? உண்மையாத்தான் கேக்கிறன்,” என்றாள்.

அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்பது தெரியும். போன மாசியில் இவர், என் மனுசன், செத்துப்போனார். வேலைக்குப் போன இடத்தில், ஆராவில் ஒரு உணவகத்துக் குசினியில், நின்ற நிலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். முப்பத்திரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். நான் அழவில்லை. மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தேன். கல்லு மனிசி என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமை கழித்து மிதுனா சாப்பாட்டு மேசையில் தலை நிமிராமல் கேட்டாள்: “நீங்கள் ஒருக்காக்கூட அழேல்லை. அப்பா போனது உங்களுக்கு ஒண்டுமே இல்லையோ?”

“ஈ வைஸ் நிட்” என்று சொன்னேன். தெரியாது என்று அர்த்தம். ஏன் அதை ஜெர்மனில் சொன்னேன் என்றும் தெரியாது. சம்மணம் கொட்டி நெடுநேரம் இருந்து எழும்பினால் கால் நம்முடையதில்லாத மாதிரி இருக்குமே, எனக்கு முழு உடம்பும் ஒரு வருடமாக அப்படித்தான். குத்தினாலும் தெரியாது. அவள் அன்றிலிருந்து என்னைக் கூப்பிடுகிற விதம் மாறிவிட்டது. கவனமாக, கந்தோர் ஆட்களோடு கதைக்கிற மாதிரி.

ஆகவே அந்த வீட்டில் எனக்கு என்ன கிடக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் போக மனமில்லை. காரணம் கேட்காதீர்கள், இருந்தால் சொல்லமாட்டேனா.

3

காலை ஐந்து மணிக்கு எழும்பி, முதியோர் இல்லத்துச் சலவையறைக்கு வேலைக்குப் போவேன். வெள்ளைத் துப்பட்டிகளை இயந்திரத்திலிருந்து இழுத்து மடிப்பது. நல்ல சூடான இடம். மூன்று மணிக்குத் திரும்பி வந்து இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிடுவேன்.

இவர் இருந்த காலத்தில் நான் அடுப்பைத் தொட்டதில்லை, இவர் தொட விட்டதுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய பேப்பரை விரித்து, கழற்றிய ஆணிகளை யோகட் கோப்பைக்குள் போட்டு, சாம்பலை மெஷினால் உறிஞ்சி, தூரிகையால் தட்டி, இரண்டு மணித்தியாலம். கடைக்கு வராமல் தப்பத்தான் இந்த வேலை என்று எனக்குச் சந்தேகம்.

“யாகம் முடிஞ்சுதோ?” என்று கேட்பேன்.

“ஐயருக்கு ஒரு தேத்தண்ணி தாரும். உதிலை கை வைக்காதையும், இதுக்கு ஒரு முறை இருக்கு.”

அந்த முறை என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது அறுபத்திநாலு பக்க ஜெர்மன் புத்தகம்தான் எனக்கு வாத்தியார். அடுப்புச் செய்த கம்பனிக்கு ஃபோன் எடுத்து, “என் அடுப்புக்குச் சுகமில்லை” என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெட்டை சிரித்துவிட்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வயதைக் கேட்டாள். பதினெட்டு என்றதும், புதிது ஒன்று வாங்குவதுதான் நல்லது, பட்டியல் அனுப்பட்டா என்றாள். பட்டியல் உங்கள் தலை என்று தமிழில் சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் குறுணியைச் சந்தேகப்பட்டேன். ஈரம் பிடித்திருந்தால் எரியாதாம். சிலதை முறித்துப் பார்த்தேன், டக்கென்று முறிந்தது. கிளாசுத் தண்ணீரில் போட்டேன், நல்லதென்றால் தாழவேண்டும், தாழ்ந்தது. ஆனாலும் வேறு கடை மூடை ஒன்று வாங்கிக் கொட்டினேன். பதினாறுதான்.

பிறகு கதவைச் சுற்றியுள்ள கயிறு. கண்ணாடிநாரில் பின்னிய கயிறு அது, கதவு காற்றுப் புகாமல் மூடுவதற்கு. கதவிடுக்கில் ஒரு பேப்பரை வைத்துப் பூட்டி இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. வரக்கூடாது. எனக்கு வெண்ணெயில் மயிர் போல வந்தது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று எண்ணி, பழைய கயிற்றைக் கத்தியால் சுரண்டி, புதியதை ஒட்டினேன். அன்றைக்குப் பதினேழு. அடுத்தநாள் திரும்பவும் கண்ணாடி கறுத்துப்போயிற்று.

இரும்புக் கிண்ணத்தின் ஓட்டைகளை ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். வெளிச்சுவரில் காற்று உள்ளே வருகிற குழாயில் குளவிக்கூடு ஒன்று இருந்தது, அதையும் எடுத்தேன். விசிறி சுற்றுகிறது. எல்லாம் சரி. ஆனால் நெருப்பு மட்டும் சிவந்து, உயரமில்லாமல், நுனியில் கரிப்புகையோடு எரிகிறது. எரிந்து கிடைக்கிற கொஞ்சச் சூடும் ஹோலுக்கு வரவில்லை. முன்பக்கத்தால் வீசுகிற காற்று வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

சந்தேகங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தேன். ஆத்திரமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. நாலு கிழமை ஓடிவிட்டது. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு தீர்ப்பு ஏற்கனவே இருந்தது. இந்த அடுப்பைக் கெடுத்தது மச்சாள்.

4

மச்சாள் என்றால் இவரின் மூத்த சகோதரி, மிதுனாவுக்கு மாமி. நொஷாட்டலில் இருக்கிறார், எழுபத்தொரு வயது, எங்களுக்கு ஜெர்மன் என்றால் அவருக்குப் பிரெஞ்சு. இவர் இறந்த செய்தி கேட்டு முதல் ரயிலில் வந்தவர், சப்பாத்தைக் கழற்ற முதலே அடுப்பின் பிளக்கைக் கழற்றினார்.

“செத்தவீட்டிலை நெருப்பு எரியப்படாது.”

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவரும். ஊரில் அது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இங்கே தகனத்துக்கு நாள் கிடைத்தது ஆறாம் நாள். வெளியே உறைபனி. வந்தவர்களெல்லாம் ஹோலில் ஜாக்கெட்டோடு இருந்தார்கள். கதைக்கும்போது வாயிலிருந்து ஆவி போனது. யாரோ ஃபிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் கையில் வைத்துச் சூடு காய்ந்தார்கள். மாரிகாலத்தின் நடுவில் ஒரு பழைய இயந்திரத்தை அப்படித் திடீரென்று நிற்பாட்டிக் குளிரவிட்டதில்தான் ஏதோ உடைந்திருக்கவேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு அது ஒருநாளும் ஒழுங்காக எரியவில்லை என்பது உண்மை.

ஒரு வருடமாக அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் ஃபோன் எடுப்பார். ஓம், இல்லை, சுகம், வைக்கிறன். அவ்வளவுதான்.

ஆண்டுத் திவசத்தை அட்லிஸ்வில் முருகன் கோயிலில் வைத்துச் செய்வித்தோம். ஐயர் இவரின் பெயரைச் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார். சொன்னேன். மிதுனா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இருந்திருக்காது. வெளியே வந்ததும், “ஞாயிற்றுக்கிழமை மாக்லரின்ரை பேப்பருகளோடை வாறன். செவ்வாய்க்கிழமை உங்கடை டெர்மின் முடியுதெல்லோ,” என்றாள். சிம்னிக்காரர் திரும்ப வரும் நாளை நான் மறந்தாலும் அவள் மறக்கவில்லை.

மச்சாள் இரண்டு நாள் நின்றுபோக என்னோடு வந்தார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

5

அடுத்தநாள் சனிக்கிழமை காலை, மச்சாள் மேல் கோட்டைக் கழற்றாமலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “என்ன பவளம், வீடு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு,” என்றார்.

இதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் போல. “மச்சாள், கோவிச்சாலும் பரவாயில்லை, சொல்லத்தான் போறன். இந்த அடுப்பு உங்களாலைதான் பழுதாப்போச்சு.”

“என்னாலையோ?”

“வந்த கையோடை பிளக்கைக் கழட்டினது ஆர்? கொட்டுற பனிக்குள்ளை ஆறு நாள். இப்ப என்ரை பிள்ளை வீட்டை விக்கச் சொல்லிக்கொண்டு நிக்கிறாள். உங்கடை சாத்திரத்தாலை வந்த வினை.”

கோபப்பட்டு எழும்புவார் என்று நினைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஓம், பிளக்கைக் கழட்டினது நான்தான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா கழுவினது நானில்லை.”

“என்ன கழுவினது?”

“உமக்கு உண்மையா ஞாபகம் இல்லையோ?”

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“தகனம் முடிச்சு வந்தாப் பிறகு வீடு கழுவுறது வழக்கமெல்லோ. மிதுனா ஆக்களை ஸ்டேஷனுக்கு ஏத்திக்கொண்டு போயிட்டாள். நான் துணி எடுக்க வெளிக்கிட, நீர் வாளியைப் பறிச்சுக்கொண்டு போனீர். ஒருத்தரையும் தொட விடேல்லை. குசினி, ஹோல், படி எல்லாம் கழுவினீர். பிறகு உந்த அடுப்பின்ரை கதவைத் திறந்தீர். உள்ளுக்கை சாம்பல் அப்பிடியே கிடந்தது. ஜொக்காலை அள்ளி அள்ளி ஊத்தினீர், பவளம். மேலாலை, பக்கத்தாலை, சந்து பொந்தெல்லாம். விம் போட்டு, முழங்கை மட்டும் உள்ளுக்கை விட்டு உரஞ்சினீர். நிலமெல்லாம் கறுப்புத் தண்ணி. ‘இது தண்ணி படுற சாமானோ, விடும்’ எண்டு நான் கையைப் பிடிக்க, தட்டிப்போட்டீர்.”

“நான் ஏதும் சொன்னனானோ?”

“சொன்னீர். ‘நாளைக்குச் சனிக்கிழமை. அவர் வந்து திறந்து பாப்பார். ஊத்தையாக் கிடந்தாப் பேசுவார்’ எண்டு சொன்னீர்.”

எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஆனால் அந்தக் கிழமை என் இரண்டு கையிலும் தோல் உரிந்து எரிந்தது ஞாபகம் இருக்கிறது. சலவையறைச் சவர்க்காரம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கிழமை நான் வேலைக்கே போகவில்லை என்பது மச்சாள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

“ஒரு வருசமா ஏன் சொல்லேல்லை? நான் உங்களிலை எவ்வளவு கோவமா இருந்தனான்.”

“தெரியும். ஆரிலையாவது கோவிச்சுக்கொண்டெண்டாலும் இருக்கிறாளே எண்டு விட்டிட்டன்.”

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது என்று சொல்லிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

6

சாம்பலில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் தேடினேன். கொட்டை எழுத்தில் ஒரே வரி: உள்ளே ஒருபோதும் நீர் பாவிக்கவேண்டாம். பக்கத்துத் தகடுகளைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டும் கழற்றலாம் என்று இன்னொரு வரி. தொழில் தெரிந்தவர் ஒரு வருடத்துக்கு முதலே போய்விட்டார். பிளக்கை இழுத்துவிட்டு, அடுப்பு ஆறும்வரை இருந்து, தகட்டுக்கு நாலாக எட்டு ஆணிகளையும் நானே கழற்றினேன்.

தகடுகளுக்குப் பின்னால் புகை சுற்றிப் போகிற பாதைகள் இருக்கின்றன. அந்தப் பாதையில்தான் நெருப்பின் சூடு இரும்புக்கு ஏறி வீட்டுக்குள் வரவேண்டும். இரண்டு பக்கமும் சாம்பல் கல்லாகக் கிடந்தது. நான் ஊற்றிய தண்ணீரில் அது குழைந்திருக்கிறது. அடுத்தநாள் மிதுனா அடுப்பைப் போட்டபோது அப்படியே சுட்டு இறுகியிருக்கிறது. விரல் நுழைகிற அளவு இடுக்கால் ஒரு வருடம் புகை போயிருக்கிறது. உறிஞ்சுகிற மெஷினும் தூரிகையும் எட்டாத இடம். நான் குத்தித் திறந்ததும் ஒட்டியதும் எல்லாம் முன்வாசல் வேலை.

ஆணி கழற்றிய திருப்புளியை வைத்து, இவர் முன்பு இறைச்சி தட்டிய மரச்சுத்தியலால் அடித்தேன். மச்சாள் முழங்கால் வலியோடு நிலத்தில் இருந்து டோர்ச் பிடித்தார்.

“மெல்ல, மெல்ல. பல்லுப் பிடுங்கிற மாதிரி அடியாதையும்.”

“நீங்கள் வெளிச்சத்தைச் சரியாப் பிடியுங்கோ. என்ரை கண்ணுக்கை அடிக்கிறியள்.”

ஒரு வாளி நிறையக் கட்டிகள் வந்தன. மத்தியானத்துக்குத் தகடுகளைப் பூட்டி, பிளக்கைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். குறுணி விழுகிற சத்தம். புகை. பிறகு பிடித்தது. கரிநுனி இல்லை. மஞ்சளாக, சுறுக்கென்று, நிமிர்ந்து எரிந்தது. ஒரு மணித்தியாலத்தில் பதினெட்டு. பின்னேரம் இருபத்தொன்று. மச்சாள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

முதலே சொல்லிவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை சிம்னிக்காரர் வந்து பார்த்து, யார் திருத்தியது என்று கேட்டு, நான் என்றதும் புருவத்தை உயர்த்திக் கையெழுத்து வைத்தார். அதில் எனக்குச் சந்தோஷம் வந்ததா என்றால், வரவில்லை. அந்த வாளியை வெளியே கொண்டுபோய் வைக்க மட்டும் மனம் வராமல் இருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மிதுனா வந்தாள். கையில் மாக்லரின் நீலக் கோப்பு. வாசலில் நின்றவள் கதவைச் சாத்தாமல் உள்ளே பார்த்தாள்.

“என்ன, சூடா இருக்கு?”

“கதவைச் சாத்து. இருபத்தொண்டு.”

அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடி தெளிவாக இருந்தது. மச்சாள் மேலே படுத்திருந்தார், நாங்கள் இரண்டு பேர்தான். அவள் குனிந்து நெருப்பைப் பார்த்தபடி கேட்டாள். “என்னதான் பழுது?”

“உள்ளுக்கை சாம்பல் இறுகிக் கல்லாப்போய்க் கிடந்தது. தண்ணி பட்டிருக்கு.”

“தண்ணியோ? ஆர் அடுப்புக்கை தண்ணி ஊத்தினது?”

“நான்.”

“நீங்களோ? எப்ப?”

“அப்பாவை எரிச்சுப்போட்டு வந்த அண்டைக்கு. நீ ஸ்டேஷனுக்குப் போனாப் பிறகு. மாமிதான் சொன்னவ, எனக்கு நினைவில்லை.”

“ஏன் அம்மா?”

“அடுத்தநாள் சனிக்கிழமையாம். அப்பா வந்து திறந்து பாப்பாராம், ஊத்தையாக் கிடந்தாப் பேசுவாராம். அதாலை நல்லா உரஞ்சிக் கழுவினனானாம்.”

அவள் நிமிரவில்லை. நீலக் கோப்பு இன்னும் கையிடுக்கில் இருந்தது. திறக்கவுமில்லை, மேசையில் வைக்கவுமில்லை. குறுணிகள் கிண்ணத்துக்குள் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

“நான் நினைச்சன், உங்களுக்கு ஒண்டுமே இல்லையெண்டு.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன், பிள்ளை.”